கால் சுற்று

கோத்தகிரி மார்க்கெட்டுக்குப் பின்னால்
என் லேத்துப் பட்டறைக்கு
அண்ணனும் தம்பியும் தனித்தனி ஜீப்பில் வந்தார்கள்.
துப்பாக்கி ஒரு ஜீப்பில்,
அதன் தோலுறை இன்னொன்றில்.

நிலம் பிரித்தாயிற்று, என்றார் ஹாலன்.
கிழங்குக் கிடங்கு, பசு, பித்தளை அண்டாகூட, என்றார் போஜன்.
இது ஒன்றுதான் மீதி.
லைசென்ஸ் பெரியவர் பேரில்.
ஊருக்குக் கப்பலேறின துரையிடம்
பணம் எண்ணிக் கொடுத்தது சின்னவர்.
"இரண்டாக்கிக் கொடு."

நான் ரம்பத்தைப் பார்த்தேன்.
"ஐயோ, அப்படியில்லை. கழற்றி மாட்டுகிற மாதிரி."

லீவர் துப்பாக்கி.
மூன்று விரல் நுழைத்துத் தள்ளி இழுத்தால்
பழைய தாழ்ப்பாள் போலப் பேசும்.
குழலும் முன்கட்டையும் ஒரு பாதி,
பூட்டும் அடிக்கட்டையும் ஒரு பாதி.
நடுவில் மரை.
மரையில் வழி விட்டால்
நுழைத்து, கால் சுற்று, தீர்ந்தது வேலை.
சொல்ல ஒரு மூச்சு.
எனக்குப் பதினேழு நாள்.

மை தடவி, சேர்த்து, பிரித்து,
எங்கே தொடுகிறது என்று மையைக் கேட்டு,
மறுபடி தடவி.
அருவங்காட்டில் பதினோரு வருஷம்
அளவுமானியோடு படுத்தெழுந்தவன் நான்.
தளர விட்டால் சுடுகிறவன் முகம் போகும்.
இறுக விட்டால் என் பெயர் போகும்.
இறுகவே விட்டேன்.

மேசைமேல் இரண்டு பாதி.
"இதில் எது துப்பாக்கி?" போஜன் கேட்டார்.
நம்பர் அடித்த பக்கம், என்றேன்.
சீட்டுப் போட்டார்கள்.
அது லைசென்ஸ் இல்லாதவருக்கு விழுந்தது.
ஹாலனுக்குக் குழலும் காகிதமும்.
தோட்டா டப்பா?
இருவரும் வாய் திறக்குமுன்
அக்காள் மாதி, பாகப்பத்திரத்தில் பெயரே வராதவள்,
இறங்கி வந்து எடுத்து
முண்டில் முடிந்துகொண்டாள்.
எந்த ஜீப்பில் வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை.

உறைபனியில் தேயிலை கருகிய வாரம்
காட்டெருமைகள் காரட்டில் இறங்கின.
மறுநாள் காலையில் என் வாசலில்
மூன்று பேரும், ஒரே ஜீப்பில்.
"நீ செய்த லட்சணம்! மாட்ட அரை மணி நேரம்!"

வாங்கி நுழைத்தேன். கால் சுற்று.
டக்.
ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எங்கே வைத்திருந்தீர்கள்?
குழல், அடுப்புக்கு மேலே பரணில்,
துரு ஏறாமலிருக்க.
பூட்டு, கிழங்குக் கிடங்கில்,
குடத்துத் தண்ணீர் தோல் கட்டுகிற குளிரில்.

சூட்டில் ஒன்று வீங்கியிருக்கும்,
குளிரில் ஒன்று சுருங்கியிருக்கும்.
ஒரு தலைமுடியைப் பத்தாய்க் கீறினால் அதில் ஒன்று,
அவ்வளவுதான் இடம் விட்டிருக்கிறேன்.
"இரண்டும் ஒரே இடத்தில் கொஞ்சம் கிடக்கணும்."

"கிடந்தது" என்றாள் மாதி.
ஈரப் பாறைமேல் இரண்டையும் போட்டு
ஒரு கம்பளிக்குள் மூன்று பேர்
கறக் கறக் என்று எருமைகள் மெல்வதைக் கேட்டபடி.
சேர்ந்தபோது இரண்டு வரிசை போயிருந்தது.
எருமைகளும் போயிருந்தன.
தோட்டா முண்டைவிட்டு வெளியே வரவில்லை.

அரை மணி நேரம் என்ன பேசினீர்கள்?
ஹாலன் தகரக் கூரையைப் பார்த்தார்.
போஜன் லேத்தடியில் கிடந்த இரும்புச் சுருளைக்
காலால் ஒதுக்கினார்.

"கொஞ்சம் ராவி விடு."
அரத்தை எடுத்தேன்.
மாதி என் கையையே பார்த்தாள்.
பின்பக்கம் திரும்பி நின்று
துணியால் மரையைத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு,
ராவியாயிற்று என்று கொடுத்தேன்.

கூலியில் நூற்றைம்பது இன்னும் வரவில்லை.
குழல்காரர் பூட்டுக்காரரைக் காட்டுகிறார்,
பூட்டுக்காரர் குழல்காரரை.
மாதி மட்டும் சந்தைநாளில்
ஒரு கூடை காரட் வைத்துவிட்டுப் போனாள்.
பாதி, குளம்பு மிதித்தது.