லாம்

மூன்றாவது வரைவில்
பதினோராம் பத்தி இப்படி இருந்தது:
"முப்பது பாகைக்கு மேல் சாயும் சரிவுகளில்
கட்டுமானம் நிறுத்தப்பட வேண்டும்."
தட்டச்சு செய்தது நான்தான்.
அடித்து முடித்தபோது கோடைக்கானல் ஏரிமேல்
மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.
அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

கருத்துக் கேட்புக்கு நூற்றுப்பத்து நாற்காலி.
விடுதி உரிமையாளர் கூட்டமைப்பு
எட்டு மணிக்கே வந்து
முதல் நான்கு வரிசைக்கும் துண்டு போட்டுவிட்டது.
செயலாளர் செல்வின் துரை குரலை உயர்த்தவேயில்லை.
"வேலைவாய்ப்பு" என்று ஒன்பது முறை சொன்னார்,
குறிப்பெடுப்பவள் நான், எண்ணினேன்.
அவர்கள் கொண்டுவந்த முந்திரிப் பக்கோடா
எல்லா மேசைக்கும் வந்தது.
என் மேசைக்கும்.

பங்களாவாசிகள் நலச்சங்கம் சென்னையிலிருந்து.
"மலை தாங்காது" என்றார் நளினி அச்சுதன்.
சொன்னது உண்மை.
நாற்பது டிகிரிச் சரிவில் அவர் வீடு
போன வருஷமே பால் காய்ச்சியாகிவிட்டது.

பூம்பாறை வேலப்பன் வந்து சேர மணி இரண்டரை.
வழியில் மண் சரிந்து பஸ் நின்றுவிட்டதாம்.
புது விடுதியின் கழிவுக் குழாய்
அவர் பூண்டுப் பாத்திக்கு நேர் மேலே திறக்கிறது.
போனில் படம் இருந்தது,
சார்ஜ் இல்லை.
"எந்தச் சங்கம்?" என்றேன்.
பதிவேட்டில் அந்தக் கட்டத்தைக்
காலியாக விட முடியாது.
"சங்கமா? நானும் எம் பொண்டாட்டியும்."
தனிநபர் என்று எழுதிக்கொண்டேன்.

எந்த உறையும் கைமாறி நான் பார்க்கவில்லை.
யாரும் யாரையும் மிரட்டவில்லை.
ஆறு வாரம் கழித்து
சென்னை போன கோப்பு திரும்பி வந்தது;
பதினோராம் பத்தியில் பச்சை மை
ஒரே ஒரு சொல்லைச் சுழித்திருந்தது.

நிறுத்தப்படலாம்.

மழை வரலாம் என்கிறோமே, அந்த லாம்.
பெண் பார்க்க வந்தவர்கள்
கலந்து பேசிச் சொல்லலாம் என்று எழுந்து போவார்களே,
அதே லாம்.
"வேண்டும்" இருந்த இடத்தில் அதை அடித்தேன்.
வரி கொஞ்சம் சுருங்கியது,
பக்கம் அழகாக உட்கார்ந்தது.

அடுத்த ஞாயிற்றுச் சந்தைக்கு மறுநாள்
வேலப்பன் வந்தார்.
கையில் தலைப்பு அச்சிட்ட தாள்:
பூம்பாறை மேற்சரிவுப் பூண்டு விவசாயிகள் சங்கம்.
உறுப்பினர் பதினொருவர்.
வட்ட முத்திரையில் மை இன்னும் காயவில்லை,
அவர் கட்டைவிரலிலும் கொஞ்சம்.

"இப்ப எங்களையும் எழுதிக்குவீங்களா?"

கருத்துச் சொல்லக் கடைசி நாள் முடிந்து
பதினேழு நாள்.
பதிவேட்டைத் திறந்தேன்.

"எழுதலாம்ண்ணே" என்றேன்.