எஞ்சிய இடர்

மின்னல் எச்சரிக்கை விளக்கு சிவப்பாய்ச் சுழல,
சரிம்பூன் முகாமின் தகரக் கூரையடியில்
முழங்காலைக் கட்டிக்கொண்டு
பதினோரு பெரியவர்கள்.
பயிற்சி நின்றுவிட்டது என்று நினைத்தோம்.
"இதுதான் பயிற்சி" என்றார் ஷஸ்வானி.
"முப்பது பிள்ளைகள், ஒரு கூரை,
ஒரு மணி நேர மழை. என்ன செய்வீர்கள்?"

மழை மட்டும் பேசியது.
பிறகு பெங் ஹுவாட், மெதுவாக:
"கைப்பேசி கொடுப்பேன்."
சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை.

நான் 172 ஓட்டுபவன்.
தொண்டூழியர் கிடைக்காவிட்டால்
மகளின் குழுவை ஆண்டிறுதியில் மூடுவதாக
வந்த கடிதத்தை
மனைவி குளிர்பெட்டிக் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
மூன்று வாரம், தண்ணீர் எடுக்கப் போகும்போதெல்லாம்
அது என்னைப் பார்த்தது.
வந்துவிட்டேன்.

காலையில் படிவம் தந்திருந்தார்கள்.
முதல் கட்டத்தில் ஆபத்து.
அடுத்து, நடக்கும் வாய்ப்பு: ஒன்றிலிருந்து ஐந்து.
அடுத்து, நடந்தால் எவ்வளவு மோசம்: ஒன்றிலிருந்து ஐந்து.
பெருக்க வேண்டும்.
குளவி: இரண்டு, நான்கு, எட்டு.
வெயில்: ஐந்து, மூன்று, பதினைந்து.
காட்டுப்பன்றிக்கு எத்தனை என்று
ரெஜினாவும் நானும் வாதாடியதில்
கோப்பி ஆறிப்போனது.
கடைசிக் கட்டம்,
எல்லா முன்னேற்பாட்டுக்கும் பிறகு எஞ்சிய இடர்.
மேலிருந்து கீழ்வரை சுழியம் போட்டேன்.
நேரத்துக்குக் கிளம்பி
நேரத்துக்குச் சேர்ந்து பழகிய கை.

மழை விட்டதும் சீட்டு.
தலைக்கு ஒன்று, யாருக்கும் காட்டக்கூடாது.
பிரித்தேன்.
*உனக்கு ஒன்பது வயது.
தண்ணீர்ப் போத்தலைத் தொலைத்துவிட்டாய்.
திட்டு விழும் என்று யாரிடமும் சொல்லமாட்டாய்.*

என் போத்தலைக் கூரையடியிலேயே விட்டு
நடந்தேன்.
பெங் ஹுவாட்தான் அன்றைக்குத் தலைவர்.
இருபது நிமிடத்துக்கொரு முறை நின்று
விரலால் காற்றைக் குத்திக் குத்தி எண்ணுவார்.
"பத்து! சரி!"

லாலான் புல் கெண்டைக்காலைக் கீறியது.
மழைக்குப் பின்வந்த வெயில்
இட்லித் தட்டில் வைத்ததுபோல் எங்களை அவித்தது.
நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜோகூரின் கட்டடங்கள்
ஆவியில் நெளிந்தன.
எல்லோரும் குடித்தார்கள்.

முதலில் அது நடிப்பு.
பிறகு நாக்கு அண்ணத்தில் ஒட்டத் தொடங்கியது.
கேட்டால் கொடுப்பார்கள்,
நாற்பத்தாறு வயதில் எனக்குத் தெரியும்.
சீட்டில் இருந்தவனுக்குத் தெரியாது.
அவன் பின்தங்கினான்.
காலணிக் கயிற்றை அவிழ்த்தான், கட்டினான்,
யாராவது பார்க்கட்டும் என்று.
மறுபடி அவிழ்த்தான்,
யாரும் பார்த்துவிடக்கூடாதே என்று.

"பத்து! சரி!"

சரிதான்.
எண்ணிக்கையில் நான் இருந்தேன்.

ரெஜினாவின் சீட்டு, ஓயாமல் பேசும் பிள்ளை.
அண்ணன் பூனை, பூனையின் வாந்தி,
வாந்தி எடுத்த சோபாவின் விலை என்று
போய்க்கொண்டே இருந்தவர்
பேச்சை நிறுத்தாமலே
தன் போத்தலை என் கையில் திணித்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை.
சோபா இப்போது தள்ளுபடியில் இருந்தது.
வெதுவெதுப்பான பார்லித் தண்ணீர்.
பாதிக்குமேல் குடித்துவிட்டேன்.

முகாமுக்குத் திரும்பியதும்
ஷஸ்வானி படிவங்களைப் புரட்டினார்.
என் சுழியங்கள்மேல் பென்சில் நுனி
ஒவ்வொன்றாக இறங்கியது.
ஒன்றும் கேட்காமல் அழிப்பானை என் பக்கம் தள்ளினார்.

என் பஸ்ஸில் எத்தனையோ கண்ணாடி.
அத்தனையிலும் பார்த்த பிறகும்
முன்கதவை ஒட்டி, இடுப்புயரத்தில்,
ஒரு முழ அகலம் தெரியாது.
இருபது வருடமாக அதைத் தாண்டித்தான்
கதவை மூடுகிறேன்.

அழித்தேன்.
என்ன எண் போடுவதென்று பிடிபடவில்லை.
காகிதம் நைந்து பஞ்சாகிவிட்டது அந்த இடத்தில்.

வெளியே பெஞ்சில் பெங் ஹுவாட் வந்து உட்கார்ந்தார்.
"எண்ணினேனே" என்றார்.
கொஞ்சம் கழித்து, "ஒவ்வொரு தடவையும் எண்ணினேனே."
எழுந்துபோய்த் தானியங்கி இயந்திரத்தில் காசு போட்டார்.
இரண்டு போத்தல்.
ஒன்றைத் திறந்து என்னிடம் கொடுத்தார்.
மற்றதை
எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தார்.
அவருக்குத் தாகமில்லையாம்.

யாருக்கு என்று நான் கேட்கவில்லை.