பேராடு தொண்ணூறு

ஊதியூர் மலை இடப்பக்கம் வரும்வரை
நடக்கச் சொன்னார் டீக்கடைக்காரர்.
இடப்பக்கம் வந்தது, பிறகு முதுகுக்கும் வந்தது.
கோயில் மட்டும் வரவில்லை.

கிளுவை வேலிகளுக்கு நடுவே இட்டேரி.
செருப்பில் ஏறிய முள்ளோடு
ஒரு கொறங்காட்டின் படலைத் திறந்தபோது
வெள்வேல மரங்களுக்குப் பின்னால்
கூரையில்லாத சுவர்கள் நின்றன,
யாரையும் எதிர்பார்க்காத மாதிரி.

விமானம் இல்லை. நந்தி இல்லை.
அடிக்கல் வரிசையில் எழுத்து இருந்தது.
செம்மண்ணை அள்ளித் தேய்த்தேன்.
பள்ளங்களில் மண் தங்கி, மெல்ல வந்தது:
நந்தா விளக்கு ஒன்றுக்கு
சாவா மூவாப் பேராடு தொண்ணூறு.

கொடுத்தவள் ஒரு மணவாட்டி.
கணவன் பேர் பிசிறில்லாமல் இருக்கிறது.
அவள் பேர் இருந்த இடத்தில்
அரிவாள் தீட்டியிருக்கிறார்கள்,
பல பேர், பல வருசம்.
வழவழத்த பள்ளம். விரலை வைத்தேன்.
சரியாகப் பொருந்தியது.
அது எனக்குப் பிடிக்கவில்லை.

மொபெட் சத்தம்.
தண்ணிக் கேனோடு மயிலாத்தாள்.
"ஏனுங் அம்மிணி, ஒத்தையிலயா வந்தீங்?
ஊட்டுக்காரரு வரலீங்ளா?"

காலையிலிருந்து நான்காவது முறை.
பஸ்ஸில் அவருக்கு வேலை என்றேன்,
பூக்காரியிடம் காய்ச்சல் என்றேன்,
டீக்கடையில் துபாய்க்கே அனுப்பிவிட்டேன்.
இவளிடம், "அப்படி யாரும் இல்லீங்க."
"அப்பச் சரி" என்று
தொட்டியில் கேனைச் சாய்த்தாள்.
"ஆட்டைச் செத்த எண்ணிச் சொல்லுங்,
எட்டத்துல எனக்குக் கண்ணு மங்குது."

பதினேழு.
"பதினெட்டு இருக்கோணுமே."
மறுபடி எண்ணினேன். காற்றாலை இறக்கையின் நிழல்
முதுகுகள் மேல் ஓடி ஓடிக் கணக்கைக் கலைத்தது.
பதினேழுதான்.

"உள்ளார கெடக்கும், கெழடு."

கருவறையில் போன் வெளிச்சத்தைக் காட்டினேன்.
பாதி உடைந்த ஆவுடையார் மேல் தாடையை வைத்து
அசைபோட்டுக்கொண்டிருந்தது,
குளுமைக்காக.
அதன் கண் ஒருதரம்
பச்சையாக எரிந்து அணைந்தது.

"இங்க ஆடு சாகாது, மூப்படையாதுன்னு
கல்லுல எழுதியிருக்குதுங்க."
மயிலாத்தாள் கல்லைப் பார்க்கவில்லை.
"இதுக்குப் பல்லு போயிருச்சு.
வாற வாரம் குன்னத்தூர் சந்தைக்குப் போகுதுங்.
போறப்பப் படலைச் சாத்தீட்டுப் போங்."

பஸ்ஸில் நோட்டைத் திறந்தேன்.
கல்லில் இருந்த எல்லாம் இருக்கிறது,
கணவன் பேரைத் தவிர.
மறந்துவிட்டது என்று எழுதி
அடித்தேன்.

படலின் கம்பி வளையத்தை மாட்டினேனா?
தாராபுரம் வரும்வரை
இதே யோசனை.