முப்பத்தேழு பேருக்கு ஒரு போன்

முப்பத்தேழு பேருக்கும் ஒரே போன் நம்பர்.
அழைத்தேன்.
"கருங்கல் ஜங்ஷன், ஜெராக்ஸ் கடை" என்றது ஒரு குரல்.
"கலரா, கறுப்பு வெள்ளையா?"

படிக்காத பிள்ளைகள்
எங்கள் கல்லூரியில் எவ்வளவு ஒழுங்கு!
ஒருவருக்கும் காய்ச்சல் வந்ததில்லை.
கொளச்சலில் கடல் ஏறிய வாரத்திலும்
கடற்கரைப் பிள்ளை ஒன்றுகூட வராமல் இருந்ததில்லை.
ஒரே பிரேம் ஜெகன் மூன்று தடவை,
புள்ளி மட்டும் இடம் மாறி.
டிசம்பர் மூன்று, சவேரியார் திருவிழா,
மாவட்டத்துக்கே லீவு.
வாட்ச்மேன் ஏசுவடியான் கேட்டைப் பூட்டிவிட்டுக்
கோட்டாறு போயிருந்தார்.
உள்ளே முப்பத்தேழு பேரும் உட்கார்ந்து
பொருளாதாரம் படித்திருக்கிறார்கள்.
விடுதிக் கட்டணம் வாங்குகிறார்கள்.
சோறு கேட்பதில்லை.

சிரிக்கலாம்.
மூன்று வருடப் பட்டியலின் அடியிலும்
நீல மையில் ஒரு சுருக்கொப்பம்,
வாலைச் சுழித்த பல்லி மாதிரி.
அது என்னுடையது.
படித்துப் பார்த்தா போட்டாய் என்றால்,
திங்கள்சந்தை பஸ் ஐந்தே காலுக்கு.
அந்தப் பணத்தில் யாரோ
மார்த்தாண்டத்தில் ஒரு மாடி எழுப்பியிருப்பார்கள்.
எனக்கு ஒரு டீ கூடக் கிடைக்கவில்லை.
அதைச் சொல்லிக்கொள்வதில்
நேற்றுவரை கொஞ்சம் பெருமையும் இருந்தது.

இந்த வருடம் மெஷின் கொடுத்தார்கள்.
விரல் பதிந்தால்தான் பணம்.
தீப்பெட்டி அளவு, உள்ளே சிவப்பு வெளிச்சம்.
முப்பத்தேழில் ஒருவரும் வரவில்லை.
மற்றவர்கள் வந்தார்கள், வைத்தார்கள், போனார்கள்.
பள்ளியாடி அனிஷ்மா வைத்தாள்.
பொருந்தவில்லை.
துடைத்துவிட்டு வை என்றேன்.
பொருந்தவில்லை.
பத்து விரலும் முடிந்தபோது
பின்னால் நின்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள்.
நானும் அப்படித்தான் பார்த்தேன்.

"லீவுக்கு அம்மைக்க கூட அண்டியாபீஸ் போவேன் சார்.
தோட்டுக்க எண்ணெ பட்டு
ரேகை எல்லாம் தேஞ்சிற்று."

கையைத் திருப்பிக் காட்டினாள்.
நகத்தோரம் கறுப்பு.
நுனிகள் வழவழவென்று,
ஒன்றும் எழுதாத விடைத்தாள்.
எம்.எஸ்சி. கணிதம், இரண்டாம் வருடம்.
கட்டணம் கட்டப் பதினொரு நாள் இருந்தது.

விதிவிலக்குப் படிவம் என்று ஒன்று உண்டு,
அலமாரியின் அடித்தட்டில், கட்டுப் பிரிக்காமல்.
'நேரில் கண்டு உறுதி செய்தேன்.
தவறெனில் நானே பொறுப்பு.'

சனிக்கிழமை பள்ளியாடிக்குப் போனேன்.
ஆலைப் புகையில் கண் எரிந்தது.
அவள் அம்மா எழுந்திருக்கவில்லை,
அண்டி தல்லுகிற கையை நிறுத்தவுமில்லை.
"எனக்க மவதான். வேற யாருக்க மவ?"

திங்கட்கிழமை இரண்டு தாள் எழுதினேன்.
ஒன்றில் அனிஷ்மா.
இன்னொன்றில் முப்பத்தேழு பேர்,
ஒரு ஜெராக்ஸ் கடை,
ஒப்பமிட்டவன் பெயர்,
சுருக்காமல், அப்பா பெயரோடு.

முதல்வர் அறைக்குப் போகும்முன்
மைப்பெட்டியில் கட்டைவிரலை அழுத்தி
ஒரு கழிவுத் தாளில் ஒற்றிப் பார்த்தேன்.
சுழி, வளையம், கோடு.
ஒன்றுகூட அழியாமல் அப்படியே இருந்தது.