செல் தனி, ரோர்ச் தனி

பஞ்சிகாவத்தையில் ஹில்மி நானாவின் கடைக்கு
எண்ணெய் மணம்தான் முதலில் வந்து
வாங்கோ என்றது.
"புதுக் காரா மிஸ்?"
இல்லை, இருபத்தெட்டு வயது சன்னி.
சுகிர்தன் அதைச் சனியன் என்றுதான் கூப்பிடுவான்,
கூப்பிட்டுவிட்டுப் பொனட்டைத் தடவுவான்.

நானா ஒவ்வொன்றாக மேசையில் வைத்தார்.
ஜக்.
பிடியைத் தொலைத்தால் தனியாகக் கிடைக்காது
என்ற எச்சரிக்கை.
மூன்று தொன் இழுக்குமாம் ஒரு கயிறு.
மடித்தால் கைக்குள் அடங்கும் சிவப்பு முக்கோணம்.
கண்ணாடி உடைக்க ஒரு குட்டிச் சுத்தியல்.
"பேரே வாவிக்குள்ளயா விழப் போறன்?" என்றேன்.
"மழை வந்தா ரோட்டே வாவிதானே மிஸ்."

கடைசியாக இரண்டு வயர்ச் சுருள்,
சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று,
நுனிகளில் பல் வைத்த கவ்விகள்.

எனக்குக் கை நீளவில்லை.

வயர் வைத்திருக்கக் கூடாது.
கறுப்பு ரேப் கூடாது.
திருத்தக் கொடுக்கும் மணிக்கூடு கூடவே கூடாது.
ரோர்ச் இருக்கலாம்,
ஆனால் செல்லைக் கழற்றி
உன்ர கைப்பையில் தனியாக வை.
சுகிர்தன் சட்டம்.

கிருலப்பனைச் சாவடியில் ஒரு பின்னேரம்
மீசை முளைக்காத ஆமிப் பொடியன்
டிக்கிக்குள் குனிந்து எதையோ தூக்கினான்.
"மேக மொகட்டத?"
ரயரில் காற்றுப் பார்க்கிற மீற்றர்.
காற்றுக்குச் சிங்களம் எனக்குத் தெரியும்,
அந்த நேரம் மட்டும் தெரியவில்லை.
நாற்பது நிமிஷம் ஓரமாக நின்றோம்.
ஹுலங்.
வீட்டில் சோறு வடிக்கும்போது
சொல் தானாக வந்து நின்றது.

அதற்குப் பிறகு டிக்கியில்
ஒரு பழந்துணிகூட இல்லை.
முன்பெட்டிக்குள் மட்டும் பொலிஸ் பதிவுத் துண்டு,
லமினேற் பண்ணியது.
ஜக்கும் அதுதான், முதலுதவிப் பெட்டியும் அதுதான்.
அவசரகாலம் என்று அரசாங்கம் சொல்லிக்கொண்டிருந்தது,
மாதம் ஒருமுறை நீட்டிச் சொல்லியது.
எங்கள் அவசரத்துக்குத்தான்
காரில் இடமில்லை.

தெஹிவளைப் பாலத்தடியில் ஒருநாள் ரயர் போய்,
வெறும் டிக்கியைத் திறந்து
உள்ளே பார்த்துக்கொண்டே நின்றான் சுகிர்தன்.
"நல்ல துப்புரவு" என்றான்.
இருவரும் சிரித்தோம்,
பின்னால் வந்த பஸ் ஹோர்ன் அடிக்கும்வரை.

பெற்றோல் வரிசைக் காலத்தில் அவன் இல்லை.
டிக்கியில் அப்போது பாய், நுளம்புச் சுருள்,
தலையணை, இரண்டு போத்தல் தண்ணீர்.
முன் வாகனத்துப் பிரியங்கனி
கடலைப் பொட்டலத்தைப் பாதியாக்கித் தருவாள்.
வரிசை நகர்ந்தால் எஞ்சின் போடுவதில்லை,
அவளதை நான் தள்ள
என்னதை அவள் தள்ள,
பம்படிக்கு இரண்டு நாள் தூரம்.

"வயர் வேணுமா, வேணாமா மிஸ்?"
"போடுங்கோ" என்றேன்.
என் குரல் எனக்கே
பொய் சொல்வதுபோலக் கேட்டது.

ஐப்பசியில் ஓர் இரவு, திம்பிரிகஸ்யாய,
கணுக்காலுக்கு மேலே தண்ணீர்.
வீதி விளக்குகள் அணைந்து கிடந்தன.
யாரோ என் கண்ணாடியில் தட்டினார்கள்.
பற்றரி செத்த ஓல்ட்டோக்காரி,
தாதிச் சீருடை, குடை பாதி உடைந்தது.
"மிஸ், வயர் தியெனவாத?"

வயர் இருக்கிறதா.
இந்தக் கேள்விக்கு
என்னிடம் எத்தனை வருஷப் பதில் இருந்தது,
எல்லாம் இல்லை என்ற பதில்.

"தியெனவா" என்றேன்.

இறங்கி டிக்கியைத் திறந்தேன்.
சுருள் கிடைத்தது, நிறம் தெரியவில்லை.
சிவப்பு எது கறுப்பு எது?
ரோர்ச்சை அழுத்தினேன், எரியவில்லை.
இன்னொருமுறை அழுத்தினேன்.

செல் கைப்பையில்.
இன்னமும் கைப்பையில்.

அவள் அந்தப் பாதிக் குடையை
என் தலைக்கு மேலே பிடிக்க,
முப்பது வருஷம் கணக்கெழுதிய விரலால்
கூட்டல் எந்தப் பக்கம்
கழித்தல் எந்தப் பக்கம் என்று
தடவிக்கொண்டு நின்றேன்.