இண்டைக்கு என்ன கறி

ஆறே காலுக்கு மீன்காரர் ஹோன் அடிப்பார்.
ஒழுங்கை முகப்பில் ஒரு தரம்,
எங்கள் கேற்றடியில் ரெண்டு தரம்.
கடன் வைத்திருப்பது நான்தானே.

இன்றைக்குச் செப்பலி.
நேற்றும் செப்பலி.
"ஆத்துல வேற மீனே இல்லயா காக்கா?"
"அத ஆத்துக்கிட்டத்தான் கேக்கணும் புள்ள" என்றார் றபாய்தீன்,
தராசுத் தட்டில் நாலு இறாலைக் கொசுறாய்ப் போட்டு
பழைய கணக்கையும் ஞாபகப்படுத்திவிட்டு.

செதில் உரித்து, புளி கரைத்து,
வெந்தயம் கருகுமுன் வெங்காயம் கொட்டி,
ஓடிப்போய் மகனுக்கு ரை கட்டி,
வந்து மகளின் கொப்பியில் ஒப்பம் வைத்தேன்.
மஞ்சள் விரல் பதிந்துவிட்டது.
கணக்கு ரீச்சர் மணந்து பார்த்திருப்பா,
பார்த்து, தன் வீட்டுச் சட்டியை நினைத்திருப்பா.

ஆரையம்பதியில் இந்தக் கேள்விக்கு மட்டும்
பஞ்சமே இல்லை.
பஸ்ஸில், கந்தோரில், மதிலுக்கு மேலால்,
கத்தாரிலிருந்து வரும் வீடியோ கோலில்:
இண்டைக்கு என்ன கறி?
சட்டியைச் சரித்துக் காட்டுவேன்.
தவேந்திரன் அங்கே குபூசைப் பிய்த்தபடி
"கொஞ்சம் தண்ணியாக் கிடக்கு" என்பார்.
ஆறு மணித்தியாலம் விமானத்தில் பறந்து போயும்
மனுசனுக்கு என் ஆணத்தின் பதம் தெரிகிறது.

வியாழக்கிழமை பாகற்காய்.
உப்புப் போட்டுப் பிசைந்து, பிழிந்து,
மாசித்தூள் சேர்த்து, தேங்காய்ப்பாலும் விட்டு
எவ்வளவு தாஜா பண்ணினேன் அதை!
பிள்ளைகள் பீங்கானின் ஓரத்தில் ஒதுக்கிவைத்தார்கள்,
கல்யாண வீட்டில்
பேசாத சொந்தத்தை ஒதுக்குவதுபோல.

மிச்சத்தை ஐஸ்கிறீம் பெட்டியில் போட்டு
பின் அறைக்குக் கொடுத்துவிட்டேன்.
கமநல நிலையத்துக்குப் புதிதாக வந்த பொடியன்,
பொகவந்தலாவைப் பக்கம், பெயர் மோகனராஜ்.
மூடியைக் கொடுக்கையிலேயே யோசித்தேன்:
முந்தி இருந்தவர்
மூன்று பெட்டியோடு இடமாற்றம் வாங்கிப் போனார்.

ஞாயிறு.
தலைமுழுகிய ஈரம் காயவில்லை.
அரிசி ஊறவில்லை, தேங்காய் திருவவில்லை,
எழும்ப மனமில்லை.
கதவில் தட்டல்.
கழுவின பெட்டி, மூடியோடு.
கனமாய் இருந்தது.

உள்ளே ரெண்டு ரொட்டி.
ஒரு பக்கம் கரி, மறுபக்கம் வெள்ளை,
விளிம்பில் எந்த நாட்டு வரைபடமோ.
பக்கத்தில் கட்டசம்பல், ஒரு கரண்டி அளவு,
இடித்த மிளகாய் விதை விதையாய்.

நின்றபடியே பிய்த்தேன்.
குசினி யன்னலடியில்
தலையில் துவாயோடு.
மெல்ல மெல்ல வேலை கொடுத்தது ரொட்டி,
பல்லுக்குள் தேங்காய்ப் பூ தட்டியது.
முதலாவது முடிந்தபோதுதான் பிடிபட்டது:
இந்த வீட்டுக்கு வந்து பதினொரு வருசம்,
நான் ஆக்காத ஒன்றை
நான் இங்கே தின்பது இப்போதுதான்.

(கடைப் பார்சல் கணக்கில்லை.
அது காசு ஆக்கினது.)

பிள்ளைகளுக்கு என்று வைத்த ரெண்டாவதிலும்
பாதியைத் தின்றேன்.
மீதியை என்ன செய்தேன் என்று
சொல்லமாட்டேன்.

பின்னேரம் தண்ணீர்ப் பைப்படியில் கண்டேன்.
கேட்கத் தெரியாமல்
தெரிந்த ஒன்றையே கேட்டேன்,
என்னிடம் எல்லாரும் கேட்பதையே திருப்பி:
"தம்பி, இண்டைக்கு என்ன கறி?"
"கறியெல்லாம் தெரியாதுக்கா. ரொட்டி மட்டும்தான்."
"அப்ப அதுக்கு என்ன போட்டீங்க?"
வாளி நிரம்பி வழிந்தது, அவன் பார்க்கவில்லை.
"ஐயோ அக்கா, அதுல
உப்புப் போடவே மறந்துட்டேன்."

உப்பில்லையா?
நாக்கை அண்ணத்தில் ஒட்டிப் பார்த்தேன்.
பதினொரு வருசமாய்
மூன்று விரலால் அள்ளி அளவு பார்க்கிறவள்
கவனிக்கவில்லை.

பெட்டி இன்னும் என் மேசையில் கிடக்கிறது.
நாளைக்கு வெறுமையாய்க் கொடுக்கேலாது.
றபாய்தீன் காக்கா,
நாளைக்காவது
செப்பலி அல்லாத ஒன்று.