மீள்குடியேற்றம்

மூண்டு மாசமா நித்திரை இல்லை.
நெருப்புக்காய்ச்சலுக்குக் குடிச்ச குளிசை
முடிஞ்ச கையோட தொடங்கினது.
பஸ் ஸ்ராண்டில ஆரும் பேர் சொல்லிக் கூப்பிட்டாலே
அடிவயித்துக்குள்ள ஒரு ரக் பின்னாலை எடுக்கும்.

பெரியாஸ்பத்திரியில டொக்டர் சிவாஜினி கேட்டா,
பயம் எங்கை தொடங்குது?
தலையைக் காட்டப் போன கை
பெல்ற்றுக்குக் கீழ நிண்டுது.

"உள்ளுக்கை கோடிக்கணக்கில சீவிக்கினம்" எண்டா.
கிருமிக்கு மரியாதை குடுத்துக் கதைச்ச ஆளை
அண்டைக்குத்தான் கண்டன்.
"குளிசை, காய்ச்சலோட அவையளையும் கலைச்சிருக்கும்.
இருக்கும் எண்டுதான் சொல்லுறன்.
எலியில கண்டிருக்கினம், மனிசரில இன்னும் தேடுகினம்."
மனசுக்கும் ஒரு குளிசை எழுதினா,
விடாமல் போடச் சொன்னா.

வயிறு கலங்குது, வயிறு எரியுது, வயித்தைப் பிசையுது,
இவ்வளவையும் வாயில வைச்சுக்கொண்டு
தலையிலயே தேடியிருக்கிறன்.

நான் தெல்லிப்பழைக் கந்தோரில
மீள்குடியேற்றக் கோவை பாக்கிறவன்.
ஆக்கள் போன வளவை எனக்குத் தெரியும்:
முதல் மழைக்கே நாயுண்ணி,
பேந்து கிணத்துக்குள்ள ஆல்.
போனவை எல்லாரும் வாறேல்லை.
வந்தவையும் பழைய எல்லைக்கல்லைத் தேடித்தான்
முதல் நாள் முழுக்கத் திரிவினம்.
கலைச்சது ஆர் எண்டு கேக்க
படிவத்தில கட்டம் இல்லை.

காலமை பழஞ்சோத்துத் தண்ணி.
சின்ன வெங்காயம், ஊசி மிளகாய், உப்புக்கல் இரண்டு.
டொக்டர் சொன்னதில்லை, சத்தியமாய் மருந்தும் இல்லை.
கோப்பையைத் தூக்கி வயித்தைப் பாத்துச் சொன்னன்:
வாங்கோ. இருங்கோ.
கிராம சேவகரின்ரை கடிதம் தேவையில்லை,
இருந்த காணி இதுதான் எண்டால் இதுதான்.

வெளியில ஆரோ என்ரை பேர் சொல்லிக் கூப்பிட்டினம்.
ரக் அசைஞ்சது.
கோப்பையை நான் கீழ வைக்கேல்லை.